வாசல் நோட்டில் வேலுத்தாய்

பதினோரு வருடங்களில் வேலுத்தாயின் மடியிலிருந்து ஒரு காய்கூட உதிர்ந்ததில்லை. இதன் அருமை போடிநாயக்கனூரில் ஏலக்காய் பொறுக்கும் பெண்களுக்குத்தான் தெரியும்.

மாரீஸ்வரனின் கூடத்தில் நாற்பத்திரண்டு பெண்கள். காலை எட்டரை மணிக்கு வரிசையாகத் தரையில் உட்கார்ந்தால் மாலை ஐந்தரை வரை முறமும் காயும்தான். மலையிலிருந்து இறங்கும் மூட்டையை அவிழ்த்துக் கொட்டி, சல்லடையில் எட்டு மில்லி, ஏழு மில்லி என்று பருமன் பிரிப்பார்கள். அதன் பிறகு வெடித்தது, சொறி விழுந்தது, பச்சை வெளிறியது எல்லாவற்றையும் கையால் பொறுக்கி ஒதுக்க வேண்டும். விலை பிடித்த சரக்கு. ஒரு கைப்பிடி காய் முந்தானை முடிச்சுக்குள் போனால் வெளியே தெரியாது. அதனால் கழிப்பறைக்குப் போவதானாலும் வீட்டுக்குப் போவதானாலும், கூடத்தை விட்டு வெளியே கால் வைக்கும் ஒவ்வொரு முறையும் வாசலில் நின்று முந்தானையை விரித்துக் காட்டி, மடியை அவிழ்த்து, கொசுவத்தை உதறிவிட்டுத்தான் போக வேண்டும். வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ரேணுகா அதைப் பார்த்துவிட்டு, கழிப்பறைக்குப் போகிறவளின் பேர், போன மணி, வந்த மணி மூன்றையும் நீள நோட்டில் எழுதுவாள்.

திருட நினைக்காதவள் சேலையிலும் காய் ஏறிக்கொள்ளும். முறத்தை மடியில் வைத்து வேலை பார்க்கிறவர்களுக்கு அது தவிர்க்க முடியாதது. உதறும்போது ஒன்றிரண்டு தரையில் விழும். ரேணுகா ஒன்றும் சொல்லமாட்டாள், குனிந்து பொறுக்கிப் பெட்டியில் போடுவாள். ஆனால் உதிர்த்தவளின் முகம் அன்று முழுவதும் சுண்டிப்போய் இருக்கும்.

வேலுத்தாய் எழுந்திருப்பதற்கு முன்பே உட்கார்ந்த இடத்தில் சேலையை மூன்று தடவை தட்டிவிடுவாள். அதிலும் அவள் எழுந்திருப்பதே ஒரு நாளைக்கு இரண்டு முறைதான். மதியம் ஒன்றேகாலுக்கு ஒன்று, வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்புமுன் ஐந்தரைக்கு ஒன்று. மற்றவர்கள் பேருக்கு நேரே நான்கு வரி, ஐந்து வரி இருக்கும். மாரீஸ்வரன் மாதக் கடைசியில் நோட்டைப் புரட்டுவார்.

"வேலுத்தாயைப் பாருங்க. எல்லாரையும் விட ரெண்டு முறம் கூடப் பொறுக்குது, எந்திரிக்கிறது ரெண்டே தடவை. உங்களுக்கெல்லாம் உக்காந்தா தரை சுடுது."

"எங்க மதினி வயித்துக்குள்ள ஓவர் டேங்கு கட்டி வச்சிருக்கு மொதலாளி," என்பாள் பக்கத்தில் உட்காரும் சுஜாதா. "எங்களுக்கெல்லாம் வெறும் சொம்பு."

கூடம் சிரிக்கும். வேலுத்தாயும் தலையைக் குனிந்து சிரிப்பாள். உள்ளுக்குள் அது பெருமையாகத்தான் இருந்தது.

அவள் சிலமலைக்காரி. பள்ளிச் சான்றிதழில் பிறந்த தேதி 1970 ஏப்ரல் 9 என்று இருக்கிறது. ஆடி மாதத்து மழையில் பிறந்தவள் என்று அவளைப் பெற்றவள் சொல்லியிருக்கிறாள். இரண்டில் ஒன்று தவறு. கணவர் கோட்டைச்சாமி போடிமெட்டுக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை பார்க்கிறார். சனிக்கிழமை மாலை இறங்கினால் திங்கட்கிழமை விடியுமுன் ஜீப்பு ஏறிவிடுவார். ஒரே மகளைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்தாயிற்று. வாரத்தில் ஐந்து நாள் வேலுத்தாய் தனியாகத்தான் வீட்டைப் பூட்டித் திறப்பாள்.

1994 முதல் 2013 வரை அவளும் மலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். காலை ஐந்தரைக்கு ஜீப்பு. எட்டுப் பேர் உட்காரும் இடத்தில் பதினாறு பேர். ஆம்பளைகள் ஒதுங்கக் கேட்டால் டிரைவர் எந்த வளைவிலும் நிறுத்துவான். பெண்கள் கேட்கமாட்டார்கள். கேட்காமல் இருப்பதற்கு அவர்களிடம் ஒரு வழி இருந்தது. முந்தின நாள் இரவுச் சோற்றோடு தண்ணீரை நிறுத்திவிடுவது. மறுநாள் முதல் வாய்த் தண்ணீர் பத்து மணிக்கு, ஏலச்செடிக்குள் நுழைந்த பிறகு. செடிக்குள் போய்விட்டால் யாரும் பார்க்கப் போவதில்லை, யாரும் எழுதப் போவதுமில்லை. முழங்கால் வலி வந்து 2013 ஜூனில் அவள் மலையேறுவதை நிறுத்திக் கூடத்தில் சேர்ந்தாள். அவள் இறங்கிவிட்டாள், அந்தப் பழக்கம் அவளை விட்டு இறங்கவில்லை.

2016 மார்ச்சில் சிலமலையில் நடந்த முகாமில் சர்க்கரை இருப்பதாகச் சொன்னார்கள். மாத்திரை கொடுத்தார்கள். ஞாபகம் வந்த நாளில் போட்டாள். நாலைந்து வருடம் கழித்து அவள் கவனித்த ஒரே மாற்றம் இதுதான்: முன்பெல்லாம் பதினொரு மணிக்கு மூத்திரம் முட்டும், பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றேகால் வரை தள்ளுவாள். இப்போது முட்டுவதே இல்லை. உடம்பு வேலைக்குத் தோதாகத் தன்னை மாற்றிக்கொண்டது என்று நினைத்தாள். சுஜாதாவிடம்கூடச் சொன்னாள்: "நான் அடக்கல சுசா. எனக்கு வரவே மாட்டேங்குது."

முதல் எரிச்சல் 2023 நவம்பர் 13, தீபாவளிக்கு மறுநாள். ஒண்ணுக்குப் போகும்போது மிளகாய்ப்பொடி பட்டதுபோல் இருந்தது. மருந்துக் கடையில் சொல்லி ஆறு மாத்திரை வாங்கினாள். மூன்றாவது மாத்திரையோடு எரிச்சல் நின்றது. மீதி மூன்றைப் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தாள். பிப்ரவரி கடைசியில் மறுபடி வந்தபோது அந்த மூன்றும் கை கொடுத்தது. மே மாதக் கடைசியில் வந்தபோது புதிதாக வாங்கி, மறுபடி பாதியை டப்பாவில் போட்டாள். ஒவ்வொரு தடவையும் எரிச்சல் போவதற்கு நாள் கூடியது, திரும்ப வருவதற்கு நாள் குறைந்தது. இதை அவள் எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதியிருந்தால் தெரிந்திருக்கும்.

ஆகஸ்டு 6, செவ்வாய்க்கிழமை, குளிர்க் காய்ச்சலோடு தேனி பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எட்டு நாள். காய்ச்சல் இறங்கிய பிறகு டாக்டர் சுசித்ரா அவளை ஸ்கேன் அறைக்கு அழைத்துப் போனார். முப்பத்தைந்து வயதிருக்கும். கையை அடிவயிற்றில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"கடைசியா எப்பம்மா ஒண்ணுக்குப் போனீங்க?"

"காலையில ஆறு மணிக்கு டாக்டரம்மா."

"இப்ப மணி ஒண்ணு. இப்ப முட்டுதா?"

"இல்லையே."

டாக்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். கறுப்பாக ஒரு பெரிய வட்டம். "ஐநூத்தி அறுபது மில்லி இருக்கு. அரை லிட்டருக்கு மேல. உங்க இடத்துல நான் இருந்தா இங்க நிக்க முடியாது, ஓடிருப்பேன். உங்களுக்குத் தெரியல. போயிட்டு வாங்க."

போய்விட்டு வந்தாள். மறுபடி பார்த்தார். வட்டம் சின்னதாகியிருந்தது. ஆனால் இருந்தது.

"இன்னும் நூத்தி எண்பது மிச்சம். எல்லாம் போயிருச்சுன்னுதானே வந்தீங்க?"

"ஆமா."

"சர்க்கரை கால் நரம்பை மரத்துப்போக வைக்கும்னு சொல்லுவாங்கள்ல, மூத்திரப் பை நரம்பையும் அதே மாதிரி ஆக்கும். நிறைஞ்சதும் தெரியாது, முழுசா வெளியேத்தவும் பலம் இருக்காது. உள்ள தேங்குறது சர்க்கரைத் தண்ணி. கிருமிக்கு அதை விடத் தோதான இடம் வேணுமா? போதாததுக்கு மாத்திரையப் பாதியில நிறுத்தி, தப்பிச்ச கிருமியை வளர்த்து வச்சிருக்கீங்க. இப்ப நான் குடுக்கிற ஊசி தவிர வேற எதுக்கும் அது அடங்கல."

வேலுத்தாய் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோரு வருடமாக மாரீஸ்வரன் நோட்டைப் புரட்டிப் பாராட்டியது அந்தக் கறுப்பு வட்டத்தைத்தான் என்று தோன்றியது.

"இடது கிட்னி சுருங்கிருச்சு," என்றார் டாக்டர். "ஏழு புள்ளி நாலு சென்டிமீட்டர்தான் இருக்கு. இனிமே வலது ஒண்ணுதான்னு நினைச்சுக்கங்க. கிருமி இன்னொரு தடவை மேல ஏறி அதையும் கெடுத்துச்சுன்னா, வாரத்துக்கு மூணு நாள் ரத்தம் சுத்தம் பண்ண இங்கதான் வந்து படுக்கணும்."

"நான் என்ன செய்யணும்?"

"உங்க பை உங்களுக்குச் சொல்லாது. கடிகாரம்தான் சொல்லணும். முட்டினாலும் முட்டாட்டியும் ரெண்டரை மணி நேரத்துக்கு ஒரு தடவை போகணும். போனதும் எந்திரிச்சு வந்துராதீங்க. நாலு அடி நடந்துட்டு, திரும்ப உக்காந்து, மறுபடி முயற்சி பண்ணுங்க. தண்ணி நாளைக்கு ரெண்டு லிட்டருக்குக் குறையக் கூடாது. சர்க்கரைக்கு ரெண்டு வேளையும் மருந்து. காய்ச்சலோ எரிச்சலோ வந்தா டப்பாவைத் திறக்காதீங்க, மூத்திரத்தைப் பரிசோதனைக்குக் குடுத்துட்டு, அப்புறம் மாத்திரை. குடுத்த மாத்திரைய முழுக்க முடிக்கணும்."

வேலை செய்யும் இடத்தில் அடிக்கடி எழுந்து போக விடமாட்டார்கள் என்று அவள் சொன்னபோது டாக்டர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். 'இவருக்குச் சிறுநீர்ப்பை நரம்புப் பாதிப்பு உள்ளது. இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறைக்குச் செல்ல அனுமதிக்கவும்.' தமிழில், முத்திரையோடு. வேலுத்தாய் அதை நாலாக மடித்து, மாத்திரைகளைக் கொட்டிவிட்டுக் காலியாக வைத்திருந்த பிஸ்கட் டப்பாவில் போட்டாள். டப்பாவைச் சோற்றுப் பையின் அடியில் வைத்தாள். மாரீஸ்வரனுக்குக் கண் சரியில்லை, நோட்டில் வரிகளை எண்ணுவதோடு சரி. எந்தக் காகிதம் வந்தாலும் தராசுக்காரனிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்வார்.

செப்டம்பர் 2, திங்கட்கிழமை, மறுபடி வேலைக்குப் போனாள். ஒன்றரை லிட்டர் பாட்டில் ஒன்று கையில் இருந்தது.

"என்ன மதினி, பழனிக்கு நடந்து போறீங்களா, இம்புட்டுத் தண்ணி?" என்றாள் சுஜாதா.

"காய்ச்சல்ல கெடந்த ஒடம்பு. டாக்டரு குடிக்கச் சொல்லிருக்காக."

எதிர்ச்சுவரில் கடிகாரம் இருந்தது. ஒன்பதரைக்கு எழுந்தாள். பன்னிரண்டுக்கு எழுந்தாள். இரண்டரைக்கு. ஐந்துக்கு. போனால் பத்து நிமிடம். ரேணுகா எழுதினாள். இரண்டு வரி நான்கு வரியானதை முதல் வாரம் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது வாரம் நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள். மற்றவர்கள் ஒரு நாள் பத்தேகாலுக்குப் போவார்கள், மறுநாள் பதினொன்றுக்குப் போவார்கள். வேலுத்தாய் மட்டும் எல்லா நாளும் ஒன்பதரை, பன்னிரண்டு, இரண்டரை, ஐந்து. ஒரு நிமிடம் பிசகவில்லை. மற்றவர்கள் மூன்று நிமிடத்தில் வந்துவிடுவார்கள், இவளுக்குப் பத்து நிமிடம். கழிப்பறையின் பின்சுவருக்கு அப்பால் சந்து. சுவரின் மேலே காற்றுக்கு விட்ட ஓட்டை. சந்தில் லோடு ஆட்டோக்கள் நிற்கும், ஓட்டை வழியாக ஒரு பொட்டலம் கைமாறினால் யாருக்கும் தெரியாது.

செப்டம்பர் 20, வெள்ளிக்கிழமை, தரம் பிரித்து முடித்த ஒரு மூட்டையை எடை போட்டார்கள். உள்ளே வந்தபோது அறுபத்திரண்டு கிலோ. கழிவெல்லாம் சேர்த்துத் திரும்ப நிறுத்தால் ஒரு கிலோ முந்நூறு கிராம் குறைந்தது. மாலை ஐந்தே முக்காலுக்கு வேலுத்தாயைத் தராசுக்குக் கூப்பிட்டார்கள். மாரீஸ்வரன் நாற்காலியில். பக்கத்தில் ரேணுகா. தராசுக்காரனும் மூட்டை தூக்கும் இரண்டு பேரும் நகராமல் நின்றார்கள்.

"நான் ஒன்னைச் சொல்லல வேலுத்தாயி," என்றார் மாரீஸ்வரன். "நோட்டு சொல்லுது. பதினோரு வருசமா ரெண்டு தடவ போன பொம்பள, இப்ப மணியடிச்ச மாதிரி நாலு தடவ போற. போனா வர மாட்டேங்கிற. யாராச்சும் பாத்தா என்ன நினைப்பாக? நீயே சொல்லு."

சோற்றுப் பை அவள் தோளில் தொங்கியது. கடிதம் அதற்குள் இருந்தது. கையை உள்ளே விட்டு டப்பாவைத் தொட்டாள். மூட்டை தூக்கும் இருவரில் ஒருவன் சிலமலையில் அவளுக்கு மூன்றாம் வீடு. தராசுக்காரன் 'சிறுநீர்ப்பை' என்று உரக்கப் படிப்பதை அவள் ஒரு முறை மனத்துக்குள் கேட்டாள். கையை வெளியே எடுத்தாள்.

"வயசாயிருச்சு மொதலாளி. வேற ஒண்ணுமில்ல."

"வயசு ஒரே மாசத்துலயா ஆகும்?" என்றாள் ரேணுகா. குரலில் கோபம்கூட இல்லை. கேட்டு வைத்தாள், அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் வேலுத்தாய் ஒரு முடிவுக்கு வந்தாள். எடை குறைந்த விவகாரம் தீரும்வரை பழையபடி இருந்துவிடுவது. ஒரு வாரம். இத்தனை வருடம் தாங்கிய உடம்பு ஒரு வாரம் தாங்காதா?

மறுநாள் சனிக்கிழமை. ஒன்பதரை ஆனபோது கடிகாரத்தைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள். பன்னிரண்டுக்கும் அப்படியே. தண்ணீர் பாட்டிலைக் கொண்டு வரவில்லை. நோட்டில் இரண்டு வரி. அன்று மாலை கோட்டைச்சாமி மலையிலிருந்து இறங்கி வந்தார்.

"ஏத்தா, மூஞ்சி ஏன் வீங்குன மாதிரி அதப்பலா இருக்கு?"

"வெயிலு."

"வெயிலா? மேல ஒரு மாசமா விடாத மழை."

"இங்க வெயிலுதான்."

அவள் சொல்லவில்லை. பொண்டாட்டியைத் திருடி என்று நினைக்கிறார்கள் என்பதை எந்த வார்த்தையில் தொடங்குவது?

திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி. நோட்டில் தினம் இரண்டு வரி. எரிச்சல் ஏதாவது வருகிறதா என்று தினமும் பயந்து பார்த்தாள். வரவில்லை. அதனால் தைரியமாக இருந்தாள். மரத்துப்போன இடத்தில் எரிச்சல் எப்படித் தெரியும் என்பது அவளுக்குத் தோன்றவில்லை. புதன்கிழமை முதல் நாக்கு வறண்டது. வியாழக்கிழமை வெடித்த காயை நல்ல காயோடு போட்டாள். சுஜாதா பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் எடுத்து ஒதுக்கினாள்.

28ஆம் தேதி சனிக்கிழமை இரவுச் சோற்றுக்கு உட்கார்ந்த கோட்டைச்சாமி எஸ்டேட் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "வெறகெல்லாம் நனைஞ்சு கெடக்கு. சூடே ஏற மாட்டேங்குது. காய் சரியாக் காயுறதுக்கு முன்னால மூட்டை புடிக்கிறாய்ங்க. கீழ போயி ரெண்டு வாரம் காத்தாடுச்சுன்னா மூட்டைக்கு ஒண்ணு, ஒண்ணரைக் கிலோ குறையும். வாங்குனவன் தலையில துண்டப் போட வேண்டியதுதான்."

வேலுத்தாய் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அவர் சொன்னது காதில் விழுந்தது. ஏறவில்லை. அன்று அவளுக்கு எதுவும் ஏறவில்லை.

செப்டம்பர் 30, திங்கட்கிழமை, பதினொன்று பத்துக்கு அவளுடைய கை நடுங்க ஆரம்பித்தது. முறத்தில் காய் தானாகத் துள்ளியது. பல் கிட்டியது.

"மதினி?"

வேலுத்தாய் எழுந்தாள். தட்டிவிட்டு எழுந்திருக்கவில்லை, பதினோரு வருடத்தில் முதல் தடவை. வாசலுக்குப் போனாள்.

"மடிய ஒதறுக்கா," என்றாள் ரேணுகா, நோட்டைப் பார்த்தபடி.

வேலுத்தாய் முந்தானை நுனியைப் பிடித்தாள். விரல் பிடிக்கவில்லை. கொசுவத்தைத் தேடிய கை இடுப்பைத் தாண்டிப் போயிற்று. அங்கேயே நின்றால் விழுந்துவிடுவாள் என்று தெரிந்தது. உதறாமல் படியிறங்கி நடந்தாள்.

"அக்கா. ஒதறாமப் போகக் கூடாது. அக்கா."

நாற்பத்தொரு பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று வேலுத்தாய்க்கு முதுகிலேயே தெரிந்தது. சுஜாதா ஓடிவந்து தன் சேலையை இரண்டு உதறு உதறிவிட்டு, ரேணுகா பார்த்தாளா இல்லையா என்று நிற்காமல், பின்னாலேயே ஓடினாள்.

ஆட்டோவில் போடி ஆஸ்பத்திரி, அங்கிருந்து ஆம்புலன்ஸில் தேனி. சர்க்கரை 486. கிட்னியின் கெடுதலைக் காட்டும் கிரியேட்டினின் போன மாதம் ஒன்று புள்ளி மூன்று, இப்போது இரண்டு புள்ளி ஆறு. டாக்டர் சுசித்ரா குழாய் வைத்து வெளியேற்றியபோது எழுநூற்று இருபது மில்லி வந்தது, கலங்கலாக, நாற்றத்தோடு. டாக்டர் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நர்ஸ் சேலையை மாற்றச் சொன்னாள். சுஜாதா கொசுவத்தைப் பிரித்தபோது தரையில் ஏதோ உருண்டது. இரண்டு காய். எட்டு மில்லி, நல்ல பச்சை.

வேலுத்தாய் அதைப் பார்த்துவிட்டாள். "சுசா. அதக் கொண்டுபோயிக் குடுத்துரு."

"ரெண்டு காயி மதினி. கெடக்கு விடுங்க."

"குடுத்துரு."

காய்ச்சலில் அன்று முழுவதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். ஊசி போட வந்தவர்களிடமும் சொன்னாள்.

மறுநாள் கோட்டைச்சாமி வந்து சேர்ந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, வரிசை பிசகாமல் எல்லாவற்றையும் கேட்டார். நோட்டு, தராசு, ஒரு கிலோ முந்நூறு. கேட்டு முடித்ததும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"காயாத காயி தாயி அது. சனிக்கிழம சோறு திங்கும்போது ஒங்கிட்டத்தான சொன்னேன்."

வேலுத்தாய் வலது விலாப் பக்கம் கையை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

அக்டோபர் 3, வியாழக்கிழமை, காலை ஒன்பதே முக்காலுக்குக் கோட்டைச்சாமி கூடத்துக்குப் போனார். சட்டைப் பையில் காகிதத்தில் பொதிந்த இரண்டு காய். கையில் பிஸ்கட் டப்பா. காயைத் தராசுத் தட்டில் வைத்தார். முள் அசையவில்லை.

"என் வீட்டுக்காரி மடியில இருந்துச்சு. குடுத்துரச் சொன்னா."

மாரீஸ்வரனுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. "இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்த?"

"ஒரு கிலோ முந்நூறு கொறைஞ்சதுக்கும் பதில் சொல்ல வந்தேன். நான் காயப்போடுற ஸ்டோர்ல இருக்கேன். மழைக் காயி. வேற மூட்டைய நிறுத்துப் பாருங்க."

"பாத்தாச்சுண்ணே," என்றாள் ரேணுகா. "போன வாரம் செவ்வாக்கிழமையே பாத்தாச்சு. பிரிக்காத மூட்டையிலயும் ஒண்ணேகால் கிலோ கொறஞ்சுருந்துச்சு. ஈரக் காயின்னு அன்னைக்கே தெரிஞ்சு போச்சு."

கோட்டைச்சாமி அவளைப் பார்த்தார். செவ்வாய் 24. அதற்குப் பிறகு புதன், வியாழன், வெள்ளி, சனி. திங்கள்.

"அவகிட்ட யாராச்சும் சொன்னீங்களா?"

ரேணுகா நோட்டின் முனையை மடித்தாள், விரித்தாள். "அக்காதான் பழையபடி ரெண்டு தடவயே போக ஆரம்பிச்சுருச்சே. சோலி முடிஞ்சுதுன்னு இருந்துட்டோம்."

கோட்டைச்சாமி டப்பாவைத் திறந்து கடிதத்தை எடுத்து மாரீஸ்வரனிடம் நீட்டினார். மாரீஸ்வரன் வழக்கம்போல அதைத் தராசுக்காரன் பக்கம் நீட்டினார். அவன் கை நீட்டுவதற்குள் கோட்டைச்சாமி குறுக்கே பிடித்துக்கொண்டார்.

"நீங்களே படிங்க. மெதுவாப் படிங்க, நான் நிக்கிறேன்."

மாரீஸ்வரன் காகிதத்தை மூக்குக்கு அருகில் கொண்டுபோய், உதடு அசையப் படித்தார். வெகு நேரமாயிற்று. "இத மொதல்லயே குடுத்திருந்தா..."

"யாருகிட்டங்க? இத்தன ஆம்பளைக முன்னாலயா?"

வேலுத்தாய் அக்டோபர் 16 வரை ஆஸ்பத்திரியில் இருந்தாள். வீட்டுக்கு அனுப்பும்போது கிரியேட்டினின் ஒன்று புள்ளி ஒன்பது. "ஓடிக்கிட்டு இருக்கு," என்றார் டாக்டர். "ஆனா பழைய இடத்துக்குத் திரும்பாது. இதுக்கு மேல போகாமப் பாத்துக்கணும். இனி உங்களுக்கு இன்னொரு வாரம்னு ஒண்ணு கிடையாதும்மா."

நவம்பர் 4, திங்கட்கிழமை, அவள் கூடத்துக்குத் திரும்பினாள். வேறு போக்கில்லை, இன்சுலினோடு மலையேற முடியாது. மாரீஸ்வரன் வாசலுக்கே வந்து, ரேணுகாவுக்கும் கேட்கும்படி, "வேலுத்தாயி ஒதற வேணாம். எத்தன தடவ வேணும்னாலும் போகட்டும்," என்றார்.

"வேணாம் மொதலாளி. நானும் ஒதறியே போறேன்." அவள் மற்ற பெண்களைப் பார்க்கவில்லை. "எழுதுறதயும் நிறுத்த வேணாம். மாசக் கடைசியில அந்தத் தாளப் பாத்து எழுதிக் குடுங்க, டாக்டரம்மாகிட்டக் காட்டணும்."

ஒன்பதரைக்குப் போனாள். பன்னிரண்டுக்குப் போனாள். டேங்குக் கதையைச் சுஜாதா அதன் பிறகு எடுக்கவே இல்லை.

இரண்டரை ஆனது. முட்டவில்லை. முட்டாது. வேலுத்தாய் உட்கார்ந்த இடத்தில் சேலையை மூன்று தடவை தட்டிவிட்டு எழுந்து, வாசலில் முந்தானையை விரித்து, மடியை அவிழ்த்து, கொசுவத்தை உதறினாள். ஒரு காய் விழுந்து உருண்டது. அவள் முகம் சுண்டவில்லை. ரேணுகா குனிவதற்குள் தானே எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டுப் போனாள்.

உள்ளே உட்கார்ந்து காது கொடுத்தாள். வருகிறதா என்று உடம்பு சொல்லாது, சத்தம்தான் சொல்ல வேண்டும். சத்தம் வந்தது, நின்றது. எழுந்தாள். அந்தச் சின்ன அறையில் அங்கே இரண்டு அடி, இங்கே இரண்டு அடி நடந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். சந்தில் ஓர் ஆட்டோவைக் கிளப்ப யாரோ பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள். அது அடங்கும்வரை காத்திருந்தாள். பிறகு மெலிசாக, விட்டு விட்டு, சத்தம் கேட்டது. நின்றது. இன்னும் உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று சொல்ல அங்கே திரை எதுவும் இல்லை. நூறு வரை எண்ணினாள். மறுபடி ஒருமுறை எண்ணினாள்.

ரேணுகா எழுதினாள்: வேலுத்தாய், 2.30, 2.44.